கன்டின்யூ பண்ணும் சிப்பி

‘கோர்ஸைக் கன்டின்யூ பண்றியா?’ என்று ஒருவர் கேட்டால் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். விடாமல் படிக்கிறாயா என்பது ஒன்று. நடுவில் விட்டதை மறுபடி எடுத்தாயா என்பது இன்னொன்று. அந்த ஆங்கிலச் சொல்லின் குணமே அது. அதன் லத்தீன் வேருக்குப் பொருள் ‘சேர்த்துப் பிடித்தல்’. நம் ‘தொடரும்’ மட்டும் என்ன, வாரப் பத்திரிகைக் கதையின் அடியில் நின்று ஏழு நாள் இடைவெளியை மறைக்கிறதே! ‘கொண்டே’தான் கறாரான சொல். மழை பெய்துகொண்டே இருந்தது என்றால் நடுவில் விடவில்லை.

தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பியிடம் இரண்டு கதையும் உண்டு.

‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத் திட்டில், தானே சுரக்கும் நார்க்கற்றையால் சிப்பி தன்னைக் கட்டிக்கொள்கிறது. ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மென்திரை, கால்சியம் கார்பனேட்டைத் தகடு தகடாகப் படியவைக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 2,000 தகடுகள். இடையில் சாந்து பூசியதுபோல் புரதம். அந்த அடுக்குகளில் பட்டுச் சிதறும் ஒளிதான் மினுமினுப்பு. முத்து என்று தனியாக ஒரு வேலை சிப்பிக்குக் கிடையாது. மென்திரையின் செல்கள் சில சதைக்குள் சிக்கிப் பையாகிவிட்டால், அங்கேயும் பழைய வேலையைச் செய்துகொண்டே இருக்கும். விளைவது முத்து. பள்ளியில் படித்த மணல்துகள் கதையை மறந்துவிடலாம். 1973-ல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், கே. அழகர்சாமி வளர்ப்பு முத்து எடுத்ததும் இப்படித்தான்: உருண்டை மணி ஒன்றோடு இன்னொரு சிப்பியின் மென்திரைத் துண்டையும் உள்ளே வைத்தார்.

முத்துக்குளிப்போ ‘கொண்டே’ ரகம் அல்ல. சிப்பிக் குஞ்சுகள் முதல் சில வாரங்கள் நீரில் மிதந்து திரியும். நீரோட்டம் அவற்றை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போனால் பார் காலிதான். 1928-க்குப் பிறகு 1955 வரை குளிப்பே இல்லை. அப்புறம் 1961 வரை ஏழு ஆண்டு வரிசையாக நடந்தது. அதற்குப்பின் அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ‘முற்றும்’ என்று யாரும் போடவும் இல்லை.

திரேஸ்புரத்துக் குளிகாரர்கள் மட்டும் அந்தக் கடலில் இன்றைக்கும் இறங்குகிறார்கள். பையில் ஏறி வருவது சங்கு. வங்காளத்துக்குப் போய் அது வளையலாகும்.