லைக்கா எனப் பெயர் பூண்ட கமராக்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள நம்மவர் இல்லம் ஒன்றில், பழைய அலுமாரியைத் துப்புரவாக்கும்போது தோலுறையிட்ட கமரா ஒன்று அகப்படலாம். மேற்றகட்டில் 'லைக்கா' என்ற பெயரைக் கண்டு பெருநிதி கிட்டியதென மகிழ்வாரும் உளர். ருஷிய எழுத்தைக் கண்டு மலிவுச் சரக்கென ஒதுக்குவாரும் உளர். பெயரை மட்டும் நம்பினால் இருசாராரும் ஏமாறுதல் கூடும்.

இலங்கையும் சோவியத் நாடும் 1957இல் தூதுறவு பூண்டன. அதன்பின் உயர்கல்விக்கென மொஸ்கோ சென்று மீண்ட நம் மாணவரிற் சிலரேனும் அந்நாட்டுக் கமராவைக் கொணர்ந்திருத்தல் இயல்பே.

அவற்றுள் மூத்தது 'ஃபெட்'. வீடற்ற சிறுவர்க்கெனக் கார்க்கோவ் நகரில் அமைந்து, கல்வியறிஞர் மக்கரெங்கோவின் வழிகாட்டலில் வளர்ந்த தொழிற்குடியிருப்பிலே, 1934 முதல் இது பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. பீலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்பாரின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. 1932இல் வெளிவந்த ஜெர்மானிய லைக்கா இரண்டாம் மாதிரியைப் பார்த்துச் செய்தமையால் இரண்டும் இரட்டையர்போல் தோன்றும். 1948இல் கிராஸ்னகோர்ஸ்க் ஆலை அதே அமைப்பில் 'சோர்க்கி'யை ஆக்கத் தொடங்கியது. அதன் தொடக்கக் கமராக்களில் ஃபெட், சோர்க்கி ஆகிய இரு பெயர்களும் ஒருங்கே பொறிக்கப்பட்டன. அவை அரியவை, சேகரிப்போர் விரும்பித் தேடுபவை.

இவ்வொற்றுமையே பிற்காலத்தில் வஞ்சகர்க்கு வாய்ப்பாயிற்று. ஃபெட், சோர்க்கி ஆகியவற்றின் பெயரைத் தேய்த்தழித்து, லைக்கா என்று பொறித்து, பொன்முலாம் பூசி, ஜெர்மானிய விமானப்படை முத்திரையோ 1936 ஒலிம்பிக் வளையங்களோ இட்டு விற்றனர். அத்தகைய அலங்காரம் மிகுந்தவை பெரும்பாலும் போலியே. உண்மையான பழைய ஃபெட் ஒன்றைப் பொய் லைக்காவாக்குவதில் இழப்பு இரட்டிப்பு என்பது நம் எண்ணம்.

சோதிக்கும் முறை எளிது. வில்லையை மெல்லத் திருகிக் கழற்றி, வாயின் உட்புறம் மேலே நோக்குக. தூரமானியை இயக்கும் சிறுகை ஒன்று தெரியும். அதன் நுனியில் உருளும் சிறு சக்கரம் இருப்பது லைக்காவின் இயல்பு. ஆப்புப்போன்ற வளைந்த தகடு இருப்பின் அது ஃபெட் அல்லது சோர்க்கியே. மேற்றகட்டை மாற்றுவோர் இந்நுனியைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை.

கொன்டாக்ஸ் கமராவின் வழிவந்த கியேவுக்கு வேறொரு சோதனை உண்டு. அதன் தொடர் இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் செய்த ஆண்டைச் சுட்டும். யூபிட்டர் வில்லைகள் பலவற்றுக்கும் இஃது ஒக்கும். உடலில் 58 என்றும் வில்லையில் 72 என்றும் காணின், வில்லை பின்னர் மாற்றப்பட்டதென உணரலாம்.

நிற்க. இச்சோதனைகளுக்கெல்லாம் முன்னர்ச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. சுருளை மீளச் சுற்றும் குமிழை அம்புக்குறியின் பக்கமாக மெல்லத் திருப்புக. சிறிது சுழன்றபின் இறுகி நின்றால் உள்ளே படச்சுருள் இருக்கலாம். 1983 ஆடியில் வீட்டோடு படத்தொகுதிகளையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே பல. உறவினர் கையில் தப்பிய கமராவொன்றில் அவ்வீட்டு முகங்கள் எஞ்சியிருத்தல் கூடும். ஆதலின் வெளிச்சத்தில் அடித்தட்டையோ பின்மூடியையோ திறவாது, இருட்டறை வேலை அறிந்தவரிடம் கமராவை அப்படியே ஒப்படைத்து, சுருள் மிகப் பழையது என்பதையும் அவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.