பாசிக் காடு பிடித்து வைக்கும் மழை

பெடாஸில் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடுகிறது. "அந்தக் காலத்துல மழை பெஞ்சா மறுநாள்தான் ஆத்துல தண்ணி ஏறும். இப்போ ஒரு மணி நேரத்துல ஏறிடுது" என்பார் பாட்டி. பால்மரம் சீவிய காலம் தொட்டு அந்த ஆற்றைப் பார்த்து வருபவர். அதன் காரணம், பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கப் போன பிறகே எனக்குப் புரிந்தது.

சென்ற ஆண்டு களப்பயணமாகக் கேமரன் மலைக்குப் போனோம். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையில் பாசிக் காடு இருக்கிறது. மரம், வேர், தரை எங்கும் பாசி. அதன் கீழே மக்கிய இலைகளால் ஆன கரிமண். கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்குகிறது. மழையையும் மேகத்தின் ஈரத்தையும் இது பஞ்சுபோல் உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுகிறது. மழையில்லாத நாளிலும் மலை ஆறு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரிவுகளை வெட்டிக் காய்கறி பயிரிட்டால் என்ன ஆகும்? நெகிழிக் கூரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் வடிகாலில் பாய்கிறது. திறந்த சரிவிலோ மண்ணையும் அள்ளிச் செல்கிறது. பெர்த்தாம் ஆறு சுமந்து வந்த மண், 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் படிந்து, நீர் கொள்ளும் இடத்தைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழையால் ஏரி நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி, உயிர்கள் பலியாயின.

இதோடு பருவநிலை மாற்றமும் சேர்கிறது. காற்று 1 பாகை செல்சியஸ் சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும் மழை கொட்டித் தீர்க்கிறது. மேகம் படியும் உயரமும் மேலே போகலாம் என ஆய்வாளர்கள் அஞ்சுகின்றனர். உச்சியில் இருக்கும் பாசிக் காட்டுக்கு அதற்கு மேல் ஏற இடமில்லை.

சீனாவின் மஞ்சள் ஆற்றுக்கு நீர் தரும் சோய்கே மலைச் சதுப்பிலும், மேய்ச்சலுக்காக 1960, 70களில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். இப்போது அதே கால்வாய்களை அடைத்து வருகிறார்கள்.

பெடாஸில் பாசிக் காடு இல்லை. ஆனாலும் விதி ஒன்றுதான்: மண் பிடிக்காத மழை, வெள்ளமாக உடனே ஆற்றுக்கு வரும். இந்த விடுமுறையில் கரையோரம் அளவுக் கம்பு நட்டு, மழை பெய்த நேரத்தையும் நீர் ஏறிய நேரத்தையும் நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இன்று எழுதி வைத்தால்தான் பத்தாண்டு கழித்து ஒப்பிட முடியும். நண்பர்களே, உங்கள் ஊர் ஆற்றுக்கும் யாராவது ஒருவர் இதைச் செய்யலாமே!