பாட்டியின் கல்யாணத்துக்குப் பத்திரம் இருந்ததா?

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பாட்டியின் கதை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "மகராசி, அத்தனையும் பொறுத்துக்கிட்டா." தாத்தா குடித்தார், அடித்தார், பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தார், பாட்டி பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கினாள். சொல்பவர்கள் இதைக் குணத்தின் கதையாகவே சொல்கிறார்கள். அவர் முரடர், இவள் பொறுமைசாலி, அவ்வளவுதான். சட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. பொறுத்துப்போவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அடைபட்டிருந்த வழிகள் பிற்பாடு ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆனால் அவற்றில் பலவற்றுக்குள் நுழையக் கையில் ஒரு பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரம் இல்லாத கல்யாணங்கள் இன்றும் நம்மிடையே நடக்கின்றன.

முதலில் குடியை எடுத்துக்கொள்வோம். அதைத் தாத்தாவின் தலைமேல் மட்டும் கட்டுவது நியாயமில்லை. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகம் அறியவே நடந்தது. 1941ல் ஆர். எச். நாதனின் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும், தோட்ட அதிகாரிகள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னதும் இருந்தன. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அதே பட்டியலில்தான் இருந்தது. மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆக, லயத்து வீட்டுக்குள் நடந்த கொடுமைக்குப் பின்னால் தோட்ட முறையும் இருந்தது என்பதை அந்தக் காலத்துத் தொழிலாளர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாம்தான் அதை 'விதி' என்று சுருக்கிவிட்டோம்.

அடுத்தது சட்டம். இந்து வழக்கப்படி நடந்த மணத்தில் ஓர் ஆண் இரண்டாவது மனைவியைக் கட்டிக்கொள்ளத் தடை இல்லை. 1952ல் வந்த விவாகரத்துச் சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என்ற முறையில் நடந்த திருமணங்களுக்கே பொருந்தியது; தாலி மட்டும் கட்டிக்கொண்ட தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் ஜீவனாம்சச் சட்டம் இருந்தது, உண்மைதான். ஆனால் நான் மனைவி என்று நிரூபித்தாக வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாதவள் எதைக் காட்டி நிரூபிப்பாள்? இதற்கெல்லாம் மேலாக, தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, பிறர் மனைவியை ஆசை காட்டி அழைத்துப்போவதைக் குற்றமாக்கி, கணவனை மனைவிக்கு உடைமைக்காரனாகவே வைத்திருந்தது. கூட்டரசு நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது 2023 டிசம்பரில்தான்.

"பாட்டி பொறுத்துப் போனதால்தானே குடும்பம் நிலைத்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. நிலைத்த குடும்பங்கள்தானே கதை சொல்ல மிஞ்சியிருக்கின்றன? உடைந்துபோனவற்றை யார் சொல்வது? விட்டுப்போன பெண்களின் பெயரைக் குடும்பங்கள் வழித்துத் துடைத்துவிட்டன. நீதிமன்றப் பதிவேடுகள் துடைக்கவில்லை. மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா 2021ல் வெளியிட்ட ஆய்வு நூலில், கணவனை விட்டு வேறொருவனோடு போன பெண்களின் வழக்குகள் வருகின்றன. அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் வாய்மூடி இருந்தார்கள் என்பது நாம் பின்னால் கட்டிய கதை. அதைக் கேட்டு வளர்ந்த பேத்தி, அடிவாங்கியும் போலீஸ் நிலையம் போகக் கூசுகிறாள் என்றால், அந்தக் கதையை ஆபத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

1982 மார்ச் 1ஆம் தேதிக்குப் பிறகு நிலைமை மாறியது. அன்று அமலுக்கு வந்த 1976ஆம் ஆண்டு திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம், முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்களைப் பதிவானவையாகவே கருதச் சொன்னது. இரண்டாண்டு கைவிட்டுப் போனது, சேர்ந்து வாழ முடியாத நடத்தை, பிற பெண் தொடர்பு ஆகியவற்றைக் காட்டி மனைவி மணமுறிவு கேட்கலாம்; ஜீவனாம்சமும் சொத்தில் பங்கும் கேட்கலாம். வன்முறைக்கு 1996 ஜூன் முதல் தனிச் சட்டம் இருக்கிறது. 2018லிருந்து சமூகநல இலாகா அதிகாரியே இரண்டு மணி நேரத்துக்குள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம்; அது ஏழு நாள் செல்லும், அதற்குப் போலீஸ் புகார்கூட முன்நிபந்தனை அல்ல. 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பதிவு செய்யாமல் சடங்குப்படி மட்டும் மணந்தவளையும் இந்த வன்முறைச் சட்டம் காக்கிறது. பத்திரம் இல்லையே என்று அடி தாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

பத்திரமில்லாத குறை தெரியவருவது மற்ற இடங்களில். கணவன் இறந்து சொத்துப் பிரிக்கும்போது, தான் மனைவி என்பதை நிலைநாட்டுவதே தனி வழக்காகிவிடும். பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். தாய் வெளிநாட்டவராக இருந்து, பிள்ளை பிறந்தபோது திருமணம் பதிவாகாமல் இருந்தால், தகப்பன் மலேசியர் என்பதால் மட்டும் பிள்ளைக்குக் குடியுரிமை வராது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்த வழக்கில், பெற்றோர் பின்னர் மணந்துகொண்டதுகூடப் பிள்ளைக்கு உதவவில்லை. "அம்மன் சாட்சியாகத் தாலி கட்டியாச்சு, அப்புறம் என்ன?" என்பவர்கள் இந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். கோயிலிலேயே பதிவும் செய்யலாம். ஆனால் துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர் இருக்கும் கோயிலில்தான். நாள் குறிக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, தாலி கட்டும் முன் மனம் மாறினால், கல்யாணமே ஆகவில்லை என்று வீட்டார் சொல்வார்கள். சட்டம் ஒப்பாது. மணமுறிவு வாங்கியாக வேண்டும். அதற்கும் வழக்கமாக இரண்டாண்டு கழிய வேண்டும்.

பதிவு செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. கோலாலம்பூரில் கணவர் மதம் மாறியதால் நீதிமன்றம் ஏறிய சுபாஷினியின் திருமணம் பதிவானதுதான். 2007 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மதம் மாறிய துணையும் சிவில் நீதிமன்றத்திலேயே மணமுறிவு கேட்க வழிசெய்த திருத்தம் 2018 டிசம்பரில் அமலுக்கு வந்தது. பத்திரம் கணவனைத் திருத்தாது. மனைவி கேட்பதை நீதிமன்றம் காதுகொடுத்துக் கேட்க ஓர் அடிப்படை, அவ்வளவே.

பழையதைக் கிளறாதே என்று சொல்லும் பெரியவர்களிடமும் பேசிப் பார்க்கலாம். கிளறுவது பழிசொல்ல அல்ல. எந்தத் தோட்டம், எந்தக் கோயில், எந்த ஆண்டு, யார் முன்னிலையில் என்ற விவரங்கள், பிறப்புப் பத்திரமோ நீல அடையாள அட்டையோ கிடைக்காமல் அலையும் ஒரு பேரனுக்கு நாளை ஆதாரமாகலாம். 1982க்கு முன் மணந்தவர்கள் விரும்பினால் இப்போதும் பதிவு செய்துகொள்ளச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடம் தருகிறது. பொதுவாக இருவரும் பதிவாளர் முன் போக வேண்டும் என்பதால், தாத்தாவும் பாட்டியும் இருக்கும்போதே, அழைப்பிதழையும் பழைய படத்தையும், கல்யாணத்தைப் பார்த்த உறவினர் ஒருவரின் சத்தியப் பிரமாணத்தையும் எடுத்துக்கொண்டு தேசியப் பதிவு இலாகாவில் விசாரிக்கலாம்.