தக்காளிக்குக் காவல் இருக்கும் பூஞ்சை

வானொலியில் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசினால் போதும், அடுத்த பாடல் முடிவதற்குள் அழைப்புகள் வரிசை கட்டிவிடும். அவற்றில் அடிக்கடி வருவது தக்காளிக் கவலை. "நேத்து வரைக்கும் நல்லாதான்மா இருந்துச்சு, காய்கூட பிடிச்சிருந்துச்சு. இன்னிக்குப் பார்த்தா தலை தொங்கிப் போச்சு. தண்ணி ஊத்தியும் நிமிரல. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றிலிருந்து ஓர் அம்மா கேட்டார்.

நான் படித்தது ஊடகத் துறை, வேளாண்மை அல்ல. அதனால் பதிலைத் தேடிப் படித்தேன். வாடிய செடியை எழுப்பும் மருந்து எதுவும் இல்லை. ஆனால், நடுவதற்கு முன்பே போடக்கூடிய காவல் ஒன்று இருக்கிறது.

முதலில் எதிரியை அடையாளம் காண வேண்டும். தக்காளி வாடலுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூஞ்சை. வாழைத் தோட்டங்களை அழிக்கும் பனாமா வாடல் நோயைத் தருவதும் இதே இனத்தின் பங்காளிதான். இந்தப் பூஞ்சை வேர் வழியே நுழைந்து, நீர் ஏறும் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தில் சாவது இதனால்தான். அடி இலைகள், பெரும்பாலும் ஒரு பக்கமாக, மஞ்சளாகும். செடி மெல்ல மெல்ல வாடும். தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். செடி செத்த பிறகும் இதன் உறக்க வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும்.

இரண்டாவது, ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. இலை பச்சையாக இருக்கும்போதே இரண்டு மூன்று நாளில் செடியைச் சாய்த்துவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் தாழ்நிலப் பகுதிகள் இதற்கு மிகவும் பிடித்தமானவை. சந்தேகம் வந்தால், வாடிய தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியாதான். அந்த அம்மா சொன்ன அறிகுறிகள் இதற்குத்தான் அதிகம் பொருந்துகின்றன.

இனி காவல்காரனுக்கு வருவோம். பெயர் டிரைக்கோடெர்மா. மக்கிய இலையிலும் மரத்துண்டிலும் பச்சைப் பொடிபோலப் படரும் சாதாரணப் பூஞ்சை. 1794-இல் பெர்சூன் என்ற தாவரவியலாளர் இதற்குப் பெயரிட்டார். இது மற்ற பூஞ்சைகளைச் சுற்றிப் பிடித்து உண்ணும் என்று 1932-இல் வெய்ன்ட்லிங் என்ற ஆய்வாளர் காட்டினார். எதிரியின் உடல்சுவரில் உள்ள கைட்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பது இதன் வேலை. வேரைச் சுற்றி இடத்தையும் உணவையும் முதலில் பிடித்துக்கொள்வதால், பின்னால் வரும் ஃபுசேரியத்துக்கு இடம் குறைகிறது.

இன்னொரு வேலையும் செய்கிறது. வேரின் மேல்தோலில் அது குடியேறும்போது செடி விழித்துக்கொள்கிறது. செடிக்கு நம்மைப் போல இரத்தமோ நரம்போ கிடையாது; ஹார்மோன்கள்தான் அதன் தகவல் தொடர்பு. அவற்றில் முக்கியமான ஒன்று ஜாஸ்மோனிக் அமிலம். பெயரிலேயே மல்லிகை இருக்கிறது. இதன் உறவுப் பொருளான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962-இல் மல்லிகை எண்ணெயிலிருந்துதான் பிரித்தார்கள். லிட்டில் இந்தியா பூக்கடைகளைக் கடக்கும்போது நம் மூக்கைத் தொடும் மணத்தில் அதற்கும் பங்குண்டு. அந்த மணம் காற்றில் வந்தாலே தக்காளி இலை பூச்சிகளுக்கு எதிரான புரதங்களைச் சுரக்கிறது என்று ஃபார்மரும் ரயனும் 1990-இல் கண்டார்கள்.

மற்றொன்று சாலிசிலிக் அமிலம், ஆஸ்பிரினின் உறவு. ஆஸ்பிரின் கொடுத்த புகையிலைச் செடி வைரஸ் நோயை எதிர்த்து நிற்பதை இங்கிலாந்தில் ஒயிட் என்பவர் 1979-இல் காட்டினார். டிரைக்கோடெர்மா குடியேறிய செடியில் இந்தச் சமிக்ஞைகள் முன்கூட்டியே தயாராகிவிடுகின்றன. எதிரி வந்ததும் தற்காப்பு விரைவாக எழுகிறது. இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அளவு மீறினால் இலை கருகும்.

எப்படிப் பயன்படுத்துவது? கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் டிரைக்கோடெர்மா விரிடியை விவசாயிகளிடம் கொண்டுசேர்த்த நிறுவனங்களில் ஒன்று. விதைக்கு அது தரும் பரிந்துரை கிலோவுக்கு 4 கிராம். நமக்கு விதை ஒரு சிட்டிகைதான் என்பதால், பொடி விதைமேல் மெல்லப் படிந்தாலே போதும். நிலத்துக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ தொழுவுரத்தில் கலக்கச் சொல்கிறார்கள். அந்த விகிதப்படி 1 கிலோ மக்கிய உரத்துக்கு 50 கிராம். லேசாக ஈரப்படுத்தி, நிழலில் சில நாள் மூடி வைத்து, நாற்று நடுவதற்கு முன் மண்ணில் கலந்துவிடுங்கள். கூடவே இரசாயனப் பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் காவல்காரனும் சேர்ந்து சாவான். வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். பையில் இருப்பது உயிருள்ள பொருள்.

புளிப்பு மண் ஃபுசேரியத்துக்குச் சாதகம் என்பதால், தேவையானால் சுண்ணாம்பு சேர்த்து மண்ணின் பிஎச் அளவை 6.5 அருகே கொண்டுவாருங்கள். விதைப் பையில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது ஃபுசேரியத்தைத் தாங்கும் இரகம்.

பாக்டீரியா வாடலுக்கு டிரைக்கோடெர்மாவை மட்டும் நம்பக் கூடாது. அந்த மண்ணில் மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு எதுவும் நடாதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய். தொட்டியாக இருந்தால் மண்ணை மாற்றி, தொட்டியையும் கத்தரியையும் நன்றாகக் கழுவுங்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், நோய் தாங்கும் கத்தரிச் செடியின் வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பியிருக்கிறது. தாழ்நிலத்தில் விற்பனைக்காகப் பயிரிடுவோருக்கு அது நல்ல வழி.

வாடிய செடிக்கு மருந்து தேடிக் கடை கடையாக ஏறும் பணத்தில், அடுத்த நாற்றுக்கு ஒரு பை மக்கிய உரமும் ஒரு பொட்டலம் டிரைக்கோடெர்மாவும் வாங்கிவிடலாம். வாடிய செடியை இன்றே வேரோடு பிடுங்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.