தாலிக்கொடியும் காப்பீட்டு அட்டையும்

ஆனைக்குட்டம் பக்கம் பகலில் பெரிய சத்தம் கேட்டால், பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எந்தப் பட்டாசு ஆலை, எந்த ரூம் என்பதுதான் முதல் கேள்வி. அது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அதற்குப் பிறகு நடப்பதுதான் மாறியிருக்கிறது.

அன்று 108 ஆம்புலன்ஸ் கிடையாது. வெந்த உடம்பை வாழை இலையில் கிடத்தி, கிடைத்த வேனில் ஏற்றிச் சிவகாசிக்கோ விருதுநகருக்கோ ஓடுவார்கள். அங்கே பார்த்துவிட்டு, "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்பார்கள். அதற்குள் வீட்டிலிருந்து ஒருவர் அடகுக்கடைக்குப் போயிருப்பார். முதலில் தோடு, அடுத்தது தாலிக்கொடி. அதுவும் பத்தாவிட்டால் ஆலையில் முன்பணம். முன்பணம் வாங்கியவர் புண் ஆறியதும் அதே வெடிமருந்து ரூமுக்குத்தான் திரும்ப வேண்டும்.

2008 செப்டம்பரில் 108 ஓடத் தொடங்கியது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு இன்று ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2022 ஜனவரியில் விருதுநகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இதெல்லாம் சின்னக் காரியமில்லை. ஏனென்றால், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர் போனபோது, காப்பீட்டு அட்டை இருந்தும் மதுரை 70 கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருந்தது.

ஆனால் அந்த அட்டை, பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான். மருத்துவமனை விண்ணப்பித்து, முன் அனுமதி வந்தால்தான். வருஷக்கணக்கில் மருந்துத் தூளைச் சுவாசித்தவர் இரவில் எழுந்து உட்கார்ந்து இருமுவதற்கு அதில் இடமில்லை. தனியார் டாக்டர் பீஸ், எக்ஸ்ரே, இன்ஹேலர் எல்லாம் கைக்காசுதான். வெடித்தால் அட்டை உண்டு, இருமினால் இல்லை. இருமலுக்கும் மருந்து கொடுத்து, விடுப்புக்கும் பணம் தருவது 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. அதற்கு ஆலைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்து, பெயர் ஏறாமலே வயதானவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்!

நமக்குச் சரியாகப் பொருந்தாத இன்னொன்று, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர். கொரோனாவுக்குப் பிறகு அது இல்லாத கிளினிக் கிடையாது. அலுமினியத் தூள் ஒட்டி வெள்ளியாக மின்னும் கறுத்த விரலில் அதை மாட்டி, 94 என்று வந்தால் எல்லோரும் மூச்சு விடுகிறோம். அந்தக் கருவியைப் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலில்தான் பரிசோதித்துத் தயாரித்தார்கள். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளிவந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில் 100க்கு சுமார் 12 பேருக்கு ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரில் அது 100க்கு 4 பேருக்கும் குறைவு. கறுத்த தோலில் பிழை வரும் என்று 1990இலேயே எழுதியிருந்தார்கள். 30 வருஷம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் அந்தக் கருவி ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். இந்தப் பிழைக்குத் தோலின் நிறம் கணக்கில்லை. கறுத்த தோல், தீப்புகை இரண்டும் ஒன்றாகச் சேருகிற இடம் நம்முடையது.

ஆகவே, பட்டாசு விபத்தில் புகை குடித்தவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் விரல் கருவி காட்டும் எண்ணோடு திரும்பிவிடாதீர்கள். "புகைக்குள்ள மாட்டிக்கிட்டாருங்க, ரத்தத்துலயே ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் பாருங்க" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விபத்து நடக்காத நாளில், ஆலையில் உங்கள் பெயருக்கு ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், போடச் சொல்லுங்கள்.