பாதி கட்டிய வீடு! கதவைத் தட்டும் பிணங்கள்!

நள்ளிரவு. ஊரே அடங்கிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கையில் ஒரு சுத்தியல். பையில் இரண்டு டின் உணவு. குழாயில் தண்ணீர் நின்று மூன்று நாள் ஆகிறது.

வெளியே காலடிச் சத்தம். ஒருவர் அல்ல, இருவர் அல்ல. ஒரு கூட்டமே வருகிறது. செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள்! ஜன்னலுக்குப் பலகை அடித்தாகிவிட்டது. அது எத்தனை நேரம் தாங்கும்?

இது பேய்ப்படக் கதை அல்ல. 'புராஜெக்ட் ஜோம்பாய்டு' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு.

இந்த விளையாட்டில் வெற்றி என்பதே கிடையாது. "நீ செத்த கதை இது" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். எத்தனை நாள் தாக்குப் பிடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். காலம் 1993 ஜூலை. ஆடுகிறவர் முதலில் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தச்சர், சமையல்காரர், மீனவர், நர்சு, காவலாளி, கட்டட வேலைக்காரர் என்று பட்டியல் நீளுகிறது. வேலையில்லாதவராகவும் இருக்கலாம். திருடனாகவும் இருக்கலாம்!

பசி, தாகம், அசதி, சளி, காயம் எல்லாம் உண்டு. உடைந்த ஜன்னல் வழியாக ஏறினால் கண்ணாடி கையைக் கிழிக்கும். சில நாளில் மின்சாரம் போகும். குளிர்பெட்டியில் வைத்த இறைச்சி கெட்டுப்போகும். மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்க வேண்டும். காய்கறி பயிரிட வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து, ஒற்றை அறையில் அடுப்பு மூட்டிப் பிழைப்பைத் தொடங்கியவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு விஷயம் புதிது. இந்த விளையாட்டை அரைகுறையாகவே விற்றார்கள். அதுவும் ஒளித்து மறைத்து அல்ல. "வேலை இன்னும் முடியவில்லை" என்று பலகை மாட்டியே விற்றார்கள். ஜனங்களும் தெரிந்தே பணம் கொடுத்தார்கள்!

நான்கு பேர் கொண்ட கம்பெனி

இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு சிறு குழு இதை உருவாக்கியது. கிறிஸ் சிம்ப்சன், ஆண்டி ஹாட்ஜெட்ஸ், நிக் கோவன், மெரினா சியு-சாங் ஆகிய நால்வரும் சேர்ந்து 'தி இண்டி ஸ்டோன்' என்ற பெயரில் தொழில் தொடங்கினார்கள். பெரிய முதலாளி யாரும் பின்னால் இல்லை. விளையாட்டை முடிக்கும் வரை சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே?

அதற்கு ஒரு வழி கண்டார்கள். 2011-ல், கையில் இருந்த அரைகுறை வடிவத்தையே விற்பனைக்கு விட்டார்கள். "இப்போது வாங்கினால், பின்னால் வரும் திருத்திய பதிப்புகளுக்குத் தனியே பணம் வேண்டாம்" என்பது பேச்சு.

பாதி கட்டிய வீட்டுக்கு முழுப் பணம் கொடுத்துக் குடிபுகுவது போன்ற ஏற்பாடு இது. கூரை ஒழுகும். சுண்ணாம்பு உதிரும். ஆனால் நாள் ஆக ஆக வீடு வளரும்.

வீடு கட்டுகிறவர் ஓடிவிட்டால்? அங்கேதான் நம்பிக்கை என்ற சொல் வருகிறது.

முதல் அடி

முதல் அடி திருட்டுப் பிரதி வடிவில் வந்தது. விளையாட்டுக்குள் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ள ஒரு வசதி வைத்திருந்தார்கள். திருட்டுப் பிரதி வைத்திருந்தவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். சரக்கு இறங்கியதோ, இந்த இளைஞர்கள் வாடகைக்கு எடுத்திருந்த கம்ப்யூட்டர் கிடங்கிலிருந்து!

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதற்கான கட்டணம் இவர்கள் தலையில் விழுந்தது. திருடியவர் காசு கொடுக்கவில்லை. அதற்கு மேல், திருட்டுக்கு வண்டிச் சத்தமும் இவர்களே கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு வழியின்றி அந்தப் பதிப்பையே சில காலம் நிறுத்தி வைத்தார்கள்.

வீடு புகுந்த திருடன்

அடுத்த அடி அதைவிடப் பெரியது. 2011 அக்டோபர். நியூகாசில் நகரில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குள் திருடன் புகுந்தான். இரண்டு லேப்டாப் கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வெளியிடுவதற்காக எழுதி வந்த புதிய பதிப்பின் வேலை அவற்றில்தான் இருந்தது.

"மறுபிரதி எங்கே?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

முழுமையான மறுபிரதி வெளியில் இல்லை! அன்றாட வேலையை அன்றன்றே வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைக்கும் பழக்கம் அவர்களிடம் போதிய அளவு இல்லை.

பணம் கொடுத்திருந்தவர்களில் பலர் கொதித்துப் போனார்கள். "கடையை மூட நாடகம் ஆடுகிறார்கள்" என்றுகூடச் சிலர் பேசினார்கள். வீட்டில் திருடு போன வேதனை ஒரு பக்கம், வசவு மறு பக்கம். இத்தகைய நிலையில் கதவைச் சாத்திவிட்டுக் காணாமல் போனவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

இவர்கள் போகவில்லை. இருந்த பழைய பிரதியை எடுத்துவைத்து, போனதை மீண்டும் எழுதினார்கள். மறு ஆண்டு ஒரு விளையாட்டுக் கண்காட்சியில் மேடையேறி, தாங்கள் செய்த தவறுகளைத் தாங்களே எடுத்துச் சொன்னார்கள்.

2012 செப்டம்பரில் நல்ல காலம் பிறந்தது. 'ஸ்டீம்' என்பது வால்வு என்ற அமெரிக்க நிறுவனத்தின் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை. அந்தக் கடையில் எந்தச் சரக்கை வைக்கலாம் என்று ஜனங்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். அதில் தேர்வான முதல் 10 விளையாட்டுகளில் ஜோம்பாய்டும் ஒன்று! 2013 நவம்பரில் அது கடைக்கு வந்தது. அப்போதும் "முடியாதது" என்ற பலகையோடுதான்.

41-வது பதிப்பு 2021 டிசம்பரில் நிலையான பதிப்பாக வெளிவந்தது. 42-வது பதிப்பைச் சோதனைக்காக வெளியிட்டது 2024 டிசம்பரில். முதல் விற்பனையிலிருந்து 13 ஆண்டு ஓடிவிட்டது. அப்போதும் பலகையைக் கழற்றவில்லை!

எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடுவது எப்படி?

விண்டோஸ், ஆப்பிள் மேக், லினக்ஸ் ஆகிய மூன்று வகைக் கம்ப்யூட்டர்களிலும் இந்த விளையாட்டு ஓடுகிறது. காரணம் 'ஜாவா'. அது 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி.

ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு பேச்சு. ஜாவாவில் எழுதினால் நடுவில் ஒரு துபாஷி உட்கார்ந்துகொண்டு, அந்தந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். மும்பையில் நம்மவர் கண்டக்டரிடம் மராத்தியும், கடைக்காரரிடம் இந்தியும், வீட்டில் தமிழும் பேசிச் சமாளிப்பதில்லையா? அதுபோலத்தான்.

ஆனால் துபாஷிக்கும் சாப்பாடு போட வேண்டும். அவர் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். ஆகவே, பார்க்க எளிமையான படமாக இருந்தாலும் பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது.

உங்களிடம் இருப்பது போதுமா?

41-வது பதிப்புக்கு நிறுவனத்தார் கூறிய குறைந்தபட்சத் தேவை இது: 64 பிட் விண்டோஸ் 10. நான்கு கோர் பிராசசர். 8 ஜி.பி. ரேம். ஹார்டு டிஸ்கில் 5 ஜி.பி. காலி இடம். 2 ஜி.பி. நினைவகம் உள்ள தனிக் கிராபிக்ஸ் கார்டு.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, மும்பை லாமிங்டன் ரோட்டிலோ, டில்லி நேரு பிளேசிலோ பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இந்த ஐந்தையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம். "எல்லாம் ஓடும் சார்" என்ற கடைக்காரர் வாக்கை மட்டும் நம்பவேண்டாம். கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, நீங்களே பாருங்கள். விண்டோஸ் 7 உள்ள கம்ப்யூட்டர் என்றால் யோசியுங்கள். ஸ்டீம் கடை 2024 ஜனவரி முதல் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது.

சில லேப்டாப்புகளில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். ஒன்று பிராசசரோடு சேர்ந்தது, மற்றது தனிக் கார்டு. மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் சில வேளை பலவீனமானதையே வேலைக்கு அனுப்பும். விளையாட்டு தடுக்கித் தடுக்கி ஓடினால், கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய், இந்த விளையாட்டுக்கு அதிகத் திறன் உள்ளதைக் கொடுக்கும்படி மாற்றுங்கள். பல பேருடைய தலைவலி இதோடு தீர்ந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் படத்தின் அளவைக் குறையுங்கள். பின்னால் ஓடும் மற்ற வேலைகளை நிறுத்துங்கள். மற்றவர்கள் செய்து தரும் 'மாட்' என்ற ஒட்டுவேலைகளை எல்லாம் நீக்கிவிட்டு வெறும் விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். கோளாறு விளையாட்டிலா, ஒட்டுவேலையிலா என்பது தெரிந்துவிடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் ஏற்றவேண்டாம். அதில் ஓடினாலும் வேலை போகும்!

இரண்டு மணி நேரக் கெடு

பணம் கொடுத்த பிறகு ஓடவில்லை என்றால்? ஸ்டீம் கடையில் 2015 ஜூன் முதல் ஒரு விதி இருக்கிறது. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

இறக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. விளையாட்டு திறந்திருக்கும் நேரம் சேரும். ஆகவே முதல் இரண்டு மணி நேரத்தைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்! கூட்டம் திரண்டு வரும் இடத்துக்குப் போய், அங்கேயும் படம் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். திருப்தி இல்லையென்றால் கெடுவுக்குள் பணத்தைக் கேளுங்கள்.

"நாளைக்குச் சரிசெய்து விடுவார்கள்" என்று வாங்காதீர்கள். இன்று இருக்கும் நிலையில், உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் அளவுக்கு, கொடுக்கும் ரூபாய் தகுமா? தகும் என்றால் வாங்குங்கள். நாளை வருவதெல்லாம் லாபம்.

நகல் எடுத்தீர்களா?

புதிய பதிப்பு வந்தது என்று ஆவலோடு தாவுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 41-வது பதிப்பில் மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த ஊரை 42-வது பதிப்புக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ள ஸ்டீமில் வழி உண்டு. விளையாட்டின் 'பிராப்பர்டீஸ்' பகுதியில் 'பீட்டாஸ்' என்ற இடத்தில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம்.

கம்ப்யூட்டரில் உங்கள் பெயருள்ள போல்டருக்குள் 'ஜோம்பாய்டு' என்றொரு போல்டர் இருக்கும். அதற்குள் 'சேவ்ஸ்'. நீங்கள் கட்டிய வீடு, பயிரிட்ட தோட்டம், சேர்த்த டின்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. விளையாட்டை மூடிவிட்டு, அதை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். லேப்டாப் மாற்றினாலும், அறையில் மின்சாரம் போய்ப் பதிவு கெட்டாலும், அந்த நகல் கைகொடுக்கும்.

ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால்தான் நியூகாசில் இளைஞர்கள் அன்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். விளையாட்டுக்கு மட்டுமல்ல, ஊரிலிருக்கும் குழந்தையின் போட்டோவுக்கும், வீட்டுப் பத்திரத்துக்கும், சான்றிதழுக்கும் இதே விதிதான்.

அவர்களுடைய வீட்டில் லேப்டாப் போயிற்று. உழைப்பு போயிற்று. பணம் கொடுத்தவர்களுக்குச் சொன்ன சொல்லை மட்டும் அவர்கள் போகவிடவில்லை. 2011-ல் பாதி வீட்டுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு 2024-லும் தனிக் காசு வாங்காமல் ஓர் அறை கட்டிக் கொடுத்தார்கள்.

வீடு முடியவில்லைதான். ஆனால் கொத்தனார் ஓடிவிடவில்லை!