இடது ஆரோ தட்டினால் நாய் போய்விடும்

காரைக்குடி செக்காலைப் பக்கம் எங்கள் வீடு. தெருவில் எப்போதும் நாலைந்து நாய்கள் படுத்திருக்கும். நான்கு வயதுப் பேத்தி பள்ளி வேனை விட்டு இறங்கியதும் "ஐயா, தூக்கு" என்பாள். வீட்டுப் படி ஏறும் வரை அவள் கால் தரையில் படாது.

பயத்தைப் போக்குகிறேன் என்று புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் நாய் வீடியோ ஒன்றைப் போட்டேன். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. முதல் குரைப்பிலேயே அலறி ஓடியவள், மூன்று நாள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. தவறு என்னுடையது.

1924ல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் ஓர் ஆய்வை வெளியிட்டார். முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டு வந்தார். கடைசியில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். இதையே கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் எனத் தேர்ந்தெடுத்துப் புதிய போல்டர் ஒன்றை உருவாக்குங்கள். அதில் படங்களைச் சேமித்து, ஒவ்வொன்றையும் எப்2 கீ அழுத்தி 01, 02 எனப் பெயர் மாற்றுங்கள். பெயர் வரிசையில் படங்கள் நிற்கும். என் 01, ஒரு பூ. அடுத்து கார்ட்டூன் குட்டி, தூங்கும் குட்டி, 2005ல் தபால் துறை வெளியிட்ட ராஜபாளையம் நாய் ஸ்டாம்ப். வாய் திறந்த பெரிய நாய் கடைசியில்தான்.

ஸ்லைடு ஷோ வேண்டாம். அதில் படம் தானாக மாறும், குழந்தை மிரளும். கீபோர்டை அவளிடமே கொடுத்தேன். வலது ஆரோ கீ தட்டினால் அடுத்த நாய். இடது ஆரோ தட்டினால் அது போய்விடும். இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் ஒரு தட்டு மனகோலம். தினமும் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

படம் பழகிய பிறகு சத்தம். டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் ஐகானைக் கிளிக் செய்து, ஸ்லைடரை 5க்கு இழுத்துவிட்டுக் குரைப்பு ஒலி பைலை இயக்கினேன். 20ஐத் தொட இரண்டு வாரம் ஆனது.

பிறகு பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்திலுள்ள வைரவன்பட்டிக்குப் போனோம். பைரவரின் வாகனம் நாய்தானே! கல் நாய் குரைக்காது. அதன் பிறகே நண்பர் வீட்டில் கட்டிப் போட்டிருந்த நாயை, முற்றத்தின் மறு ஓரத்தில் இருந்து பார்த்தாள். அங்கே இடது ஆரோ இல்லை. "போதும்" என்றால் உடனே திரும்பிவிடுவோம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பயம் முழுவதும் போக வேண்டியதில்லை. தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் அருகில் போகக் கூடாது. நாய் நெருங்கினால் ஓடாமல், கையை ஆட்டாமல் மரம் போல் நிற்க வேண்டும். கடித்தாலோ நகம் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும்.

இப்போது வேனில் இருந்து இறங்கி நடந்தே வருகிறாள். என் விரலைப் பிடித்துக்கொண்டுதான்.